புயலுக்குப் பின் தொண்டு: கடலாடி எனக்குக் கற்பித்தது

(10.4.2025 அன்று மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நால்வகைத் தானங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் என்னைக் கேட்டார்கள். ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நான்கையும் நூல்வழி நின்று விளக்கும் புலமை எனக்கு இல்லை. அவ்வாறு விளக்கவல்ல பெரியோர் இந்த மேடையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். நான் பள்ளிக்கூட வாத்தியார். புயல் அடித்த ஊர்களுக்கு லாரியில் ஏறிப் போன அனுபவம் சிறிது உண்டு. அதைச் சொல்லட்டுமா என்று கேட்டேன், இசைந்தார்கள்.

கடலாடி என்றதும் உங்களில் பலருக்குப் பருவதமலை அடிவாரத்துக் கடலாடிதான் நினைவுக்கு வரும். அங்கே கடலும் இல்லை, ஆடுவாரும் இல்லை. நான் பதினேழு ஆண்டுகள் பணியாற்றியது இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலாடி வட்டத்தில். கிழக்கே ஏர்வாடி, தெற்கே வாலிநோக்கம், மேற்கே சாயல்குடி எனப் பரந்து மன்னார் வளைகுடாவில் முடிகிற நிலம் அது. பனையும் உடையும் சீமைக் கருவேலமும் நிற்கும். உப்பளங்கள் உண்டு, கரிமூட்டம் உண்டு, கடலோரம் முழுதும் மீனவர் குடியிருப்புகள். மணலில் ஊற்றுத் தோண்டி, சுரக்கின்ற நீரைச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பும் பெண்களை நான் அங்கேதான் முதன்முதல் கண்டேன். திண்டிவனம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, வீட்டுக் கிணற்றில் நீர் இறைத்துப் பழகியவன், மாறுதல் ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஊற்றங்கரையில் நின்ற நாளை இன்றும் மறக்கவில்லை. சுற்று வட்டாரத்தில் நம் சமயத்தவர் என்று நான் ஒருவன் மட்டுமே. சூரியன் சாய்வதற்குள் உண்டு முடிக்கும் என் வழக்கத்தை முதலில் வேடிக்கையாகப் பார்த்தவர்கள், பின்னர், "வாத்தியாருக்கு நேரமாச்சு" என்று கூட்டத்தையே முன்கூட்டி முடித்துவைக்கும் அளவுக்கு அன்பு காட்டினார்கள்.

அந்தக் கரையில் யாரிடம் புயல் என்று பேச்செடுத்தாலும் பேச்சு 1964க்குத்தான் போகும். அவ்வாண்டு டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி சென்ற 653ஆம் எண் பயணியர் வண்டி, ஊரை நெருங்கிய இடத்தில் அலைக்கு இரையாயிற்று. அதில் இருந்தவர் ஒருவரும் பிழைக்கவில்லை. இலங்கைக்குக் கப்பல் ஏறும் துறையாக இருந்த ஊர் ஓர் இரவில் மணல்மேடாயிற்று. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசே பின்னர் அறிவித்தது. பாம்பன் பாலத்தின் தூலங்களில் நூற்றிருபதுக்கும் மேற்பட்டவை கடலில் விழுந்துவிட்டன. பழுதுபார்க்க ஆறு மாதம் என்று முதலில் கணக்கிட்ட பணியை, ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளர் 46 நாள்களில் முடித்தார். பின்னாளில் டெல்லி மெட்ரோ ரயிலை அமைத்தவரும் அவரே. நான்கு நாள்களுக்கு முன்பு அங்கே புதிய பாலம் திறக்கப்பட்ட செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அந்த 46 நாள் சாதனையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. கடலுக்குள் போன இரும்புத் தூலங்களை மீட்டெடுத்தே பாலத்தின் பெரும்பகுதியை மீண்டும் கட்டினார்கள்; அவை எங்கே கிடக்கின்றன என்று காட்டியவர்கள் மீனவர்கள். படித்த பொறியாளர் படிக்காத வலைஞரிடம் கேட்டார், பாலம் எழுந்தது.

எங்கள் பள்ளியின் காவலாளி 1964இல் சிறுவர். அவர் அந்தப் புயலைப் பற்றிச் சொல்லும்போது காற்றையோ அலையையோ மிகுதியாகச் சொல்ல மாட்டார். தண்ணீரைத்தான் சொல்வார். கடல் ஏறிய இடங்களில் ஊற்றெல்லாம் உப்பாகிவிட்டது. "சோறு கொண்டாந்தாங்க சார், துணி கொண்டாந்தாங்க. குடிக்கத் தண்ணி கொண்டாரணும்னு யாருக்கும் தோணலை. ஏன்னா அவங்க ஊர்ல தண்ணி இருந்துச்சு." இந்த ஒரு வாக்கியத்தை நான் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தேன். அதன் பொருள் விளங்கியது 2018இல்தான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. முன்னெச்சரிக்கையாக எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை அரசு முகாம்களுக்கு அழைத்து வந்திருந்தமையால் உயிரிழப்பு பெரிதும் குறைந்தது. ஆனால் நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னைகள் இலட்சக்கணக்கில் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஒரு இலட்சத்துக்கும் மேல் விழுந்தன. கடலாடிப் பக்கம் பெரிய சேதம் இல்லை. அன்று மாலையே என் பழைய மாணவர்கள் பள்ளி வாசலில் கூடிவிட்டார்கள். படகு வைத்திருப்பவன் ஒருவன், பனையேறிக் குடும்பத்துப் பையன் ஒருவன், லாரி ஓட்டுபவன் ஒருவன், சாயல்குடியில் கடை வைத்திருப்பவன் ஒருவன். "சார், நாமளும் எதாச்சும் செய்யணும்" என்றார்கள்.

நான் உடனே கரும்பலகையில், 'பழைய துணிகள் இங்கே பெற்றுக்கொள்ளப்படும்' என்று எழுதினேன். எழுத்து அழகாகத்தான் இருந்தது. காவலாளி பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். "அழிச்சுருங்க சார். மொதல்ல ரெண்டு பேரைப் போய்க் கேட்டுட்டு வரச் சொல்லுங்க."

எனக்குச் சற்றுக் கோபம்தான். ஆனால் 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகையின் சாலையோரங்களில் பழந்துணிகள் மலைபோல் குவிந்து, எடுப்பாரின்றி மழையில் நனைந்து கிடந்த காட்சி நினைவுக்கு வந்தது. கடலோரப் பெண்களுக்குக் கிழிந்த காற்சட்டைகளையும் பட்டுச் சரிகை அறுந்த பாவாடைகளையும் அனுப்பியிருந்தார்கள். அனுப்பியவர்களுக்குத் தீய எண்ணம் ஏதும் இல்லை. வீட்டில் எது மிகுதியோ அதை அனுப்பினார்கள். நான் பலகையை அழித்தேன்.

இரண்டு பையன்கள் மோட்டார் சைக்கிளில் தொண்டி, மீமிசல், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை வழியாக வேதாரண்யம் வட்டத்துக்குப் போனார்கள். வழியெங்கும் மரம் விழுந்து கிடந்தது. மறுநாள் இரவு திரும்பி வந்து ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். அதில் அரிசி இல்லை, துணியும் இல்லை. தார்ப்பாய், கயிறு, மெழுகுவத்தி, கொசுவத்தி, மரம் அறுக்கும் இயந்திரம், குடிநீர், பெண்களுக்கான மாதவிலக்குத் துணி. கடைசியாக ஒரு சொல் இருந்தது: வைக்கோல்.

ஒரு நாள் வீணாயிற்று என்று ஊரில் சிலர் குறை கூறினார்கள். மற்றவர்களின் லாரிகள் அதற்குள் புறப்பட்டுவிட்டன. ஆனால் அந்த லாரிகள் எங்கே நின்றன என்பதையும் சொல்ல வேண்டும். முதன்மைச் சாலையை ஒட்டிய ஊர்க்காரர்கள் மறித்து இறக்கிக்கொண்டார்கள். அதைப் பேராசை என்று நான் சொல்ல மாட்டேன்; மூன்று நாள் இருட்டில் இருந்தவர் முதலில் கண்ட வண்டியை மறிக்கத்தான் செய்வார். ஆனால் உட்கிடைக் கிராமங்களுக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. எங்கள் பையன்கள் முன்கூட்டியே போய் வந்ததால், எந்தக் கிளைச் சாலையில் எவ்வளவு தொலைவு வரை லாரி போகும், அதற்கப்பால் யாருடைய மாட்டு வண்டி கிடைக்கும் என்பது வரை தெரிந்திருந்தது. தார்ப்பாயும் கயிறும் சாயல்குடி வணிகர்கள் கொடுத்தார்கள். பனையோலைக் கட்டுகள் முந்நூறு சேர்ந்தன. தென்னை சாய்ந்த ஊரில் கீற்றுக்குப் பஞ்சம் இருக்காதே என்று நான் கேட்டேன். கீற்றை முடைய ஆளும் நாளும் வேண்டும், பனையோலையை அப்படியே வேய்ந்துவிடலாம் என்றான் பனையேறியின் மகன். பணம் நம் சிராவகக் குடும்பங்களிடமிருந்து வந்தது. வந்தவாசி, செஞ்சி, காஞ்சிபுரம் பக்கத்து உறவினர்களுக்கு ஒரே இரவில் தொலைபேசியில் பேசினேன். இல்லை என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. அவர்களில் சிலர் இங்கே இருக்கிறீர்கள்.

வைக்கோலைப் பற்றி ஒரு வார்த்தை. முதுகுளத்தூர்ப் பக்கத்துப் படப்புகளிலிருந்து பழைய வைக்கோல் ஒரு லாரி கொண்டுபோனோம். அதைக் கண்டதும் மக்களிடம் உண்டான மகிழ்ச்சியை நான் அரிசி மூட்டையைக் கண்டவர் முகத்திலும் கண்டதில்லை. எல்லோரும் மனிதருக்குக் கொண்டுவந்தார்கள். கொட்டகை சரிந்து, மேயப் புல்லின்றி நின்ற கறவை மாட்டுக்கு யாரும் கொண்டுவரவில்லை. ஒரு முதியவர் வைக்கோலை மாட்டின் முன் போட்டுவிட்டு, அது மெல்லத் தொடங்கிய பிறகுதான் தாம் கொண்டுபோன சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். சீவகாருண்யம் என்று நாம் மேடையில் சொல்வதை அவர் சொல் ஏதுமின்றிச் செய்துகொண்டிருந்தார்.

இன்னொன்று, சற்று வேடிக்கையானது. மின்சாரம் இல்லாமையால் அந்தப் பகுதி முழுவதுமே பொழுது சாயும் முன் உண்டு முடித்துவிட்டது. எங்கள் குழுவும் அவ்வாறே. "சார் நோன்பை ஊருக்கே வச்சுட்டாரு" என்று பையன்கள் என்னைக் கேலி செய்தார்கள்.

இப்போது நான் சொல்லப்போவது இத்தனை நாளும் மேடையில் சொல்லாத ஒன்று.

மூன்றாம் நாள் வேதாரண்யம் கடற்கரையில் ஒரு மீனவர் குடியிருப்புக்குப் போனோம். படகுகள் தென்னந்தோப்புக்குள் ஏறிக் கிடந்தன. கூரை வேய்ந்து கொடுத்தோம், தண்ணீர் கொடுத்தோம். ஒரு தாய், நாற்பது வயதிருக்கும், என்னிடம் வந்தார். "ஐயா, இதெல்லாம் நல்லதுதான். எங்களுக்கு வலை வேணும். வலை இருந்தா நாங்க யார்கிட்டயும் கேக்க மாட்டோம்" என்றார்.

நம்மிடம் இருந்த பணம் உங்கள் பணம். கொல்லாமையைத் தலையாய விரதமாகக் கொண்ட குடும்பங்களின் பணம். அதில் வலை வாங்கலாமா? கேட்டுக் கொடுக்க வேண்டும் என்று பலகையை அழித்தவன் நான். கேட்டேன், பதில் வந்துவிட்டது. அந்தப் பதிலை என்ன செய்வது என்று தெரியாமல் மணலில் நின்றேன்.

அன்று மாலை கைப்பேசிக் கோபுரம் இயங்கும் இடம் வரை நடந்து சென்று, நம் சமூகத்துப் பெரியவர் ஒருவரிடம் பேசினேன். அவர் நெடுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு சொன்னார்: "நமக்கு ஆகாததை நாம் செய்ய வேண்டாம். ஆனால் அந்த அம்மாவுக்கு உபதேசம் செய்யாதே. அவர் வீட்டில் வேறு எது குறைகிறது என்று கேள். அதை நிறைவாகச் செய்." மறுநாள் கேட்டேன். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. புத்தகங்களும் சான்றிதழ்களும் வெள்ளத்தில் போயிருந்தன. அந்தக் குடியிருப்பில் பொதுத்தேர்வு எழுத இருந்த பிள்ளைகள் அனைவருக்கும் புத்தகங்களும், மேற்படிப்புக்கு ஓராண்டுச் செலவும் நம் பணத்திலிருந்து கொடுத்தோம். சான்றிதழ்களுக்கு விண்ணப்பம் எழுதுவது வாத்தியாருக்கு இயல்பான வேலை; அதை நான் இருந்து செய்தேன். சாத்திர தானம் என்று நீங்கள் மகிழலாம். நானும் மகிழ்ந்தேன்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. என்னுடன் வந்த படகுக்கார மாணவன், தன் வீட்டில் இருந்த வலைகளில் ஒன்றை வரவழைத்து அந்தத் தாய்க்குக் கொடுத்தான். லாரியிலிருந்து அதை இறக்க ஆள் குறைவு. ஈர வலை மிகவும் கனமானது. ஒரு முனையை அவன் தூக்கினான். மறுமுனை தரையில் இழுபட்டது. நான் குனிந்து அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவர் வீட்டு வாசல் வரை நடந்தேன். நூறு அடி தூரம் இருக்கும்.

அது என் அணுவிரதத்துக்குக் குறையா, இல்லையா? அன்று இரவு எனக்கு உறக்கம் இல்லை. ஆலோசனை சொன்ன பெரியவரிடம் பிறகு கேட்டேன். "நீ கேட்காமல் தூக்கினாய், இப்போது கேட்கிறாய்" என்று சிரித்தாரே தவிர விடை சொல்லவில்லை. அவர் இன்று இல்லை. ஏழாண்டுகளாகச் சிந்தித்தும் எனக்குத் தெளிவு ஏற்படவில்லை. அறிந்த பெரியோர் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் முன் வைத்துவிட்டேன்.

அடுத்த பிப்ரவரியில் மீண்டும் போனோம். அந்தச் சாலையில் நிவாரண லாரி என்று ஒன்றுகூட இல்லை. செய்தியாளர்களும் இல்லை. ஆனால் வீழ்ந்த தென்னைகள் பல தோப்புகளில் அப்படியே கிடந்தன. மரத்தை வெட்டி அகற்றும் கூலி, மரத்தின் விலையைவிட மிகுதி. அகற்றினால்தான் புதுக் கன்று வைக்கலாம். வைத்த கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். புயல் ஓர் இரவில் முடிந்துவிட்டது என்று வெளியில் இருந்த நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். நவம்பரில் நாங்கள் செய்ததைவிட, பிப்ரவரியில் நான்கு தோப்புகளில் மரம் அறுத்துக் கொடுத்ததுதான் பெரிய உதவி என்று அந்த ஊர்க்காரர்கள் சொன்னார்கள். அந்த மாணவி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

2019இல் ஓய்வு பெற்று ஊர் திரும்பினேன். நம் பக்கம் கடல் இல்லை. புயல் நம்மைத் தொடாது என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. கடந்த நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்று கொட்டியது. மயிலத்தில் மட்டும் 51 சென்டிமீட்டர் மழை. டிசம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலையில் மண்சரிந்து ஏழு பேர் உயிரிழந்தனர். மறுநாள் அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை இலட்சம் கன அடிக்கும் மேல் நீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. இவையெல்லாம் நீங்கள் அனுபவித்தவை. நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவில் இடுப்பளவு நீர். வீட்டுக்குள் சேறு. சுவடிப் பெட்டியைப் பரணில் வைத்திருந்ததால் அது மட்டும் பிழைத்தது.

நீர் வடிந்த மறுநாள் தொலைபேசி ஒலித்தது. படகுக்கார மாணவன். "சார், என்ன வேணும்னு கேட்டுட்டுச் சொல்லுங்க. கேக்காம எதுவும் ஏத்த மாட்டோம்."

நான் தெருத்தெருவாகப் போய்க் கேட்டேன். உணவு வந்துகொண்டிருந்தது. மக்கள் சொன்னது ஒன்றே: ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களும் வீட்டு மோட்டார்களும் சேற்றில் மூழ்கிவிட்டன, பழுது பார்க்க ஆள் கிடைக்கவில்லை, தண்ணீர் சூழ்ந்த ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லை. காவலாளி சொன்ன அதே சொல்.

இரண்டு நாளில் ஐந்து பேர் வந்தார்கள். படகு எஞ்சின் பழுது பார்ப்பவர்கள். உப்பு நீர் புகுந்த எஞ்சினையே கழுவி ஓட்டுகிறவர்களுக்குச் சேற்று மோட்டார் எம்மாத்திரம்! நான்கு நாள் தங்கி, எங்கள் ஊரிலும் பக்கத்து இரண்டு ஊர்களிலும் அறுபதுக்கும் மேற்பட்ட மோட்டார்களைப் பிரித்து, காயவைத்து, ஓடச் செய்தார்கள். சமைக்கப் புதுப் பாத்திரங்களைத் திண்டிவனத்தில் வாங்கி வந்திருந்தார்கள். வீட்டில் பாத்திரம் இருக்கிறதே என்றேன். "எங்க ஊர்ப் பாத்திரத்தைக் கொண்டாந்தா உங்க தெருவுல சங்கடப்படுவாங்க, உங்க பாத்திரத்துல நாங்க சமைச்சாலும் உங்களுக்குச் சங்கடம். அதான் புதுசு" என்றான். அந்த நான்கு நாளும் அவர்கள் மீன் தொடவில்லை. நான் கேட்கவில்லை, அவர்களாகவே செய்தார்கள். பொழுது சாயும் முன் உணவையும் முடித்துக்கொண்டார்கள்.

அவர்களுள் ஒருத்தி பெண். மோட்டார்களைக் கணக்கெடுத்து, யார் வீட்டில் முதியவர், யார் வீட்டில் கைக்குழந்தை என்று வரிசை அமைத்துக் கொடுத்தவள் அவள்தான். வேதாரண்யம் கடற்கரையில் நாம் புத்தகம் வாங்கிக் கொடுத்த மாணவி. செவிலியர் படிப்பு முடித்திருக்கிறாள். அவள் தாய் நலமா என்று கேட்டேன். "அம்மா கடலுக்குப் போற வலை இன்னும் அதேதான் சார்" என்றாள்.

இந்த அறக்கட்டளையிடம் ஒரு வேண்டுகோள் வைத்து அமர்கிறேன். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன், நம் குடும்பங்களில் மோட்டார் பழுது பார்க்கத் தெரிந்தவர், மருத்துவம் படித்தவர், விண்ணப்பம் எழுதித் தரக்கூடியவர், இருசக்கர வாகனத்தில் முதலில் போய்க் கேட்டு வரக்கூடிய இளைஞர், வைக்கோற்போர் உடையவர் ஆகியோரின் பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போம். திரட்டும் நிதியில் பாதியை மூன்று மாதம் கழித்துச் செலவிடுவதற்கென ஒதுக்கி வைப்போம். குறிப்பேடு வாங்கி வந்திருக்கிறேன். பந்தலின் கிழக்கு வாசலில், மதிய உணவுக்குப் பின், அதை வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பேன். முதல் பக்கத்தில் ஐந்து பெயர்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அவர்கள் கடலாடிக்காரர்கள்.